அம்மாவுக்குப் புது ஊசி வெளியில் இருந்து எடுக்கலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

லிந்துலை மகன் | ஞாயிறு, இரவு 9.40

வணக்கம். அவசரமாக எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு 63 வயது. 38 வருடம் தேயிலைக் கொழுந்து எடுத்தவர். சீனி வருத்தம் இருக்கிறது. போன வியாழக்கிழமை உடம்பு தூக்கிப்போடுகிற அளவுக்குக் குளிர் காய்ச்சல், இடுப்புக்கு மேலே ஒரு பக்கம் நல்ல வலி. தோட்டத்து டிஸ்பென்சரியில் காட்டினோம். அங்கிருந்து டவுன் ஆஸ்பத்திரி, அங்கிருந்து அம்புலன்ஸில் பெரிய ஆஸ்பத்திரி. சிறுநீரில் இருந்த கிருமி இரத்தத்தில் ஏறிவிட்டது என்கிறார்கள். முதலில் போட்ட ஊசிக்குக் காய்ச்சல் இறங்கவில்லை. நேற்றிலிருந்து மெரோபெனம் என்ற அன்டிபயோட்டிக் போகிறது. கிருமியை வளர்த்துப் பார்க்கிற கல்ச்சர் ரிப்போர்ட் இன்னும் வரவில்லை.

வெளிநாட்டில் இருக்கும் பெரியப்பா மகன் நெட்டில் தேடி, செஃப்டாசிடிம்-அவிபாக்டம் என்று ஒரு புது ஊசி இருக்கிறது, எதற்கும் அடங்காத கிருமியையும் அடிக்கும், காசைப் பற்றி யோசிக்க வேண்டாம், நான் அனுப்புகிறேன் என்கிறார். டொக்டரிடம் கேட்டேன். "இப்போது தேவையில்லை, ரிப்போர்ட் வரட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். தோட்டத்து ஆட்கள் என்பதால்தான் இழுத்தடிக்கிறார்கள் என்று வீட்டில் எல்லாரும் பேசுகிறார்கள். தங்கச்சி அழுதபடியே இருக்கிறாள். நாங்கள் விடாப்பிடியாகக் கேட்க வேண்டுமா, காத்திருக்க வேண்டுமா?

இரவு டியூட்டி | ஞாயிறு, இரவு 10.25

தம்பி, முதலில் தங்கச்சியைச் சாப்பிடச் சொல்லுங்கள். அம்மா இருக்கிற இடத்தில்தான் இருக்கிறார்.

நான் 17 வருடம் தாதியாக இருக்கிறேன். மெரோபெனம் சின்ன மருந்து இல்லை. நம் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் அதை 'ரெட் லைட்' மருந்து என்போம். வாட்டு டொக்டர் நினைத்தவுடன் அலுமாரியில் இருந்து எடுத்துப் போட முடியாது. படிவம் நிரப்பி, நுண்ணுயிரியல் வைத்திய நிபுணரிடம் அனுமதி கேட்க வேண்டும். உயிருக்கு ஆபத்து என்றால் முதல் டோஸைத் தொடங்கிவிட்டு அப்புறம் கேட்பார்கள். ஆகவே அம்மாவுக்கு அது ஏறுகிறது என்றால் இரண்டு மூன்று பேர் அவரைப் பற்றி யோசித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். "ரிப்போர்ட் வரட்டும்" என்பது தட்டிக்கழிக்கிற பேச்சு இல்லை. சொன்ன விதம் உங்களுக்கு நோவாகப் பட்டிருக்கலாம், அது வேறு விஷயம்.

நாளை விசிட் நேரத்தில் டொக்டரிடம் இதைக் கேளுங்கள்: முதல் ஊசி போடுவதற்கு முன்பே இரத்தமும் சிறுநீரும் எடுத்தீர்களா, ரிப்போர்ட் எப்போது வரும், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது. இன்னொன்றையும் மறக்க வேண்டாம். கடந்த மூன்று மாதத்தில் அம்மா வீட்டில் குடித்த குளிசை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டுங்கள். பாதி முடிந்த கார்ட், உதிரி, பெயர் தெரியாதது, எல்லாம்.

மஸ்கெலியா சிவா | ஞாயிறு, இரவு 11.10

மிஸ் சொல்வதை மதிக்கிறேன். ஆனால் ஒரு கேள்வி. வசதி உள்ளவன் கொழும்பில் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனால் எந்தப் புது மருந்தும் வருகிறது. நம் ஆட்களுக்கு மட்டும் "பொறுப்பாகப் பாவிக்க வேண்டும்" என்று வகுப்பு எடுக்கிறார்கள். என் மாமாவுக்குக் காலில் கவ்வாத்துக் கத்தி பட்டு, புண் பழுத்து, கடைசியில் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அது 2022, மருந்துத் தட்டுப்பாட்டு நேரம். எழுதிக் கொடுத்த ஊசி ஆஸ்பத்திரியில் இல்லை. மூன்று டவுனில் தேடினோம். கிடைத்தபோது நேரம் போய்விட்டது. மருந்தே கிடைக்காமல் செத்துப்போகிற ஏழைக்கு, மருந்தைக் கூடப் பாவிக்காதே என்று சொல்வது என்ன நியாயம்? தம்பி, காசு அனுப்ப ஆள் இருந்தால் மருந்தை எடுத்து வையுங்கள். அவ்வளவுதான் சொல்வேன்.

தட்டும் வட்டமும் | திங்கள், காலை 6.15

நான் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். சிவா அண்ணா, உங்கள் மாமாவுக்கு நடந்தது அநியாயம். அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் "எடுத்து வையுங்கள்" என்பதை ஒத்துக்கொள்ள முடியவில்லை. காரணத்தை எங்கள் மேசையில் நடப்பதை வைத்தே சொல்கிறேன்.

சிறுநீர் வந்ததும் அதில் ஒரு துளியைத் தட்டில் பூசி, ஒரு இரவு இளஞ்சூட்டில் வைப்போம். மறுநாள் கிருமி புள்ளி புள்ளியாக முளைத்திருக்கும். அதை எடுத்து இன்னொரு தட்டு முழுக்கப் பூசி, மேலே மருந்து தோய்த்த சின்னச் சின்னக் கடதாசி வட்டுகளை வைப்போம், சட்டைப் பொத்தானிலும் சின்னது. அடுத்த நாள் பார்த்தால், மருந்து கேட்கிற இடத்தில் வட்டைச் சுற்றிக் கிருமி இல்லாமல் தெளிவாக ஒரு வளையம் இருக்கும். கேட்காத இடத்தில் வட்டின் விளிம்பு வரைக்கும் கிருமி பாய் விரித்த மாதிரிப் படர்ந்திருக்கும். அந்த வளையத்தை மில்லிமீட்டர் கணக்கில் அளந்துதான் மருந்து கேட்கும் என்றால் 'எஸ்', கேட்காது என்றால் 'ஆர்' என்று எழுதுகிறோம். இதற்கு இரண்டு மூன்று நாள் போகும். கிருமி வளர எடுக்கிற நேரம் அது, யாரும் குறைக்க முடியாது.

இப்போது அந்தப் புது ஊசி. அது எல்லாவற்றையும் விடப் 'பெரிய' மருந்து என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. செஃப்டாசிடிம் பழைய மருந்துதான். சில கிருமிகள் ஒரு நொதியைச் சுரந்து அதை வெட்டிப்போடும். அவிபாக்டம் அந்த நொதியின் கையைப் பிடித்துக்கொள்ளும். அதனால் பழைய மருந்துக்கு மறுபடி வேலை செய்ய முடிகிறது. 2015இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஆனால் எல்லா நொதியின் கையையும் அதனால் பிடிக்க முடியாது. என்டிஎம் என்று ஒரு வகை இருக்கிறது. 2008இல் இந்தியா போய் வந்த ஒரு சுவீடன் நோயாளியின் சிறுநீரில் முதலில் கண்டுபிடித்தார்கள். நம் தெற்காசியாவில் பரவலாக இருப்பது. அம்மாவுக்கு இருப்பது அந்த வகை என்றால், பெரியப்பா மகன் இலட்சக்கணக்கில் செலவழித்து அனுப்புகிற ஊசி தனியாக ஒன்றும் செய்யாது. அதோடு அஸ்ட்ரியோனம் என்ற இன்னொரு மருந்தைச் சேர்க்க வேண்டிவரும். சாதாரண வகை என்றால் மெரோபெனமே போதும், சிலவேளை அதுகூட வேண்டாம். எந்த வகை என்பது தட்டில்தான் தெரியும். தெரியாமல் வாங்கி வைப்பது, எந்தப் பஸ் வரும் என்று பார்க்காமல் டிக்கெட் எடுப்பது.

லிந்துலை மகன் | திங்கள், பிற்பகல் 2.30

அக்கா, தங்கை, சிவா அண்ணா, எல்லாருக்கும் நன்றி. காலையில் கேட்டேன். இரத்தம், சிறுநீர் இரண்டையும் முதல் ஊசிக்கு முன்பே டவுன் ஆஸ்பத்திரியில் எடுத்திருக்கிறார்கள். ரிப்போர்ட் நாளை அல்லது நாளை மறுநாள்.

குளிசையைக் கொண்டுபோகச் சொன்னீர்கள் அல்லவா. வீட்டுக்கு வந்து அம்மாவின் பிஸ்கட் டின்னைத் திறந்தேன். உள்ளே பனடோல், சீனிக் குளிசை, சித்தாலேப்ப டப்பா. அதற்குக் கீழே சிப்ரோ என்ற அன்டிபயோட்டிக் கார்ட் மூன்று. ஒன்றில் நான்கு மிச்சம், ஒன்றில் ஏழு, இன்னொன்றில் ஒன்றே ஒன்று. அமொக்சிசிலின் கெப்சியூல் கடதாசியில் சுற்றி ஆறு. பக்கத்துக் காம்பரா மாமியின் பெயர் எழுதிய உறை ஒன்று, அதற்குள் வெள்ளைக் குளிசை ஐந்து, என்ன என்றே தெரியவில்லை.

தங்கச்சி சொல்கிறாள், அம்மாவுக்கு மூத்திரக் கடுப்பு வரும்போதெல்லாம் டவுனுக்குப் போகிற யாரிடமாவது சொல்லி நாலு குளிசை எடுப்பாராம். இரண்டு நாளில் எரிச்சல் குறைந்ததும் மிச்சத்தை அடுத்த தடவைக்கு வைத்துவிடுவாராம். இந்த வருடம் மட்டும் நாலைந்து தடவை. எனக்கு இது எதுவுமே தெரியாது. நான் கொழும்பில் கடையில் நிற்கிறேன், மாதத்துக்கு ஒரு தடவைதான் வருவேன்.

ஹற்றன் மருந்தாளர் | திங்கள், மாலை 7.45

இந்தப் பதிவைப் படித்துவிட்டுப் பேசாமல் இருக்க முடியவில்லை. 22 வருடமாக மருந்து கொடுக்கிறேன்.

அன்டிபயோட்டிக்கை டொக்டர் எழுதிய துண்டு இல்லாமல் கொடுப்பது சட்டப்படி பிழை. தெரிந்த கதை. ஆனால் எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். மாலை நாலரைக்கு, கடைசி பஸ்ஸுக்கு முன்னால் ஒருவர் ஓடி வருவார். "ஐயா, வீட்டுக்காரிக்குக் கடுப்பு, போன தடவை கொடுத்ததே தாங்க" என்று வெறும் கார்டைக் காட்டுவார். டொக்டரிடம் போகச் சொன்னால், அவருக்கு ஒரு நாள் பேர், அதாவது சம்பளம், போகும், போக வர பஸ் காசு, டொக்டரைப் பார்க்கிற சனல் காசு. நான் கொடுக்காவிட்டால் பக்கத்துக் கடையில் கொடுப்பார்கள். முன்னே வேலை செய்த ஒரு கடையில், கேட்டவருக்கு மறுத்ததற்காக முதலாளி என்னை வாடிக்கையாளர் முன்னாலேயே ஏசியிருக்கிறார். நானும் இளம் வயதில் கொடுத்திருக்கிறேன். அந்த நாலு குளிசை யாருடைய டின்னில் போய் உட்கார்ந்தது என்று நினைத்துப் பார்த்ததில்லை. தம்பி எழுதியதைப் படித்தபோது நெஞ்சு கனத்தது.

உலக சுகாதார நிறுவனம் 2017இல் இருந்து அன்டிபயோட்டிக்குகளை மூன்றாகப் பிரிக்கிறது. முதல் வரிசையில் அமொக்சிசிலின், நைட்ரோபியூரண்டோயின் மாதிரி, சாதாரண நோய்க்கு முதலில் கொடுக்க வேண்டியவை. அடுத்தது கவனத்தோடு கொடுக்க வேண்டியவை. மூன்றாவது, வேறு வழியே இல்லாதபோது மட்டும் எடுக்க வேண்டிய சேமிப்பு. அந்தப் புது ஊசி மூன்றாவதில் இருக்கிறது. எல்லாரும் கவனிக்க வேண்டியது இதுதான்: டின்னில் இருந்த சிப்ரோ முதல் வரிசை இல்லை, இரண்டாவது. மெரோபெனமும் அதே இரண்டாவதில்தான். நாம் அதை வெற்றிலை பாக்கு மாதிரி மடியில் கட்டிக்கொண்டு திரிகிறோம்.

இப்போது நான் செய்வது: கடுப்பு என்று வருகிறவரிடம் காய்ச்சல் இருக்கிறதா, முதுகு வலிக்கிறதா, கர்ப்பமா, சீனி இருக்கிறதா என்று கேட்பேன். ஒன்றுக்கு ஆம் என்றாலும் குளிசை கிடையாது, நேராக ஆஸ்பத்திரி. மற்றவர்களையும் சிறுநீர் ஒரு தடவை சோதித்துவிட்டு வரச் சொல்வேன். சிலர் கோபித்துக்கொண்டு போவார்கள். போகட்டும்.

கொழுந்துக்காரி | திங்கள், இரவு 9.05

எல்லாரும் மருந்தைப் பற்றியே பேசுகிறீர்கள். அந்த அம்மாவுக்கு ஏன் வருடத்துக்கு ஐந்து தடவை கடுப்பு வருகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை.

நான் சொல்கிறேன். காலையில் பிரட்டுக்களத்தில் பேர் கொடுத்துவிட்டு மலை ஏறினால் பகல் கொழுந்து நிறுக்கும்வரைக்கும் இறங்க மாட்டோம். மலையில் கழிப்பறை கிடையாது. கீழே லயத்துக்கு ஓடிவர அரை மணி, திரும்ப ஏற அரை மணி, கிலோ குறைந்தால் அரைப் பேர்தான். ஆம்பிளை ஆட்கள் நடமாடுகிற இடத்தில் தேயிலைக்குள் உட்கார யாருக்கு மனம் வரும்? அதனால் என்ன செய்கிறோம், தண்ணீர் குடிப்பதில்லை. காலையில் ஒரு கோப்பை சாயம், அப்புறம் மத்தியானம்தான். அடக்கி அடக்கி, கடுப்பு வந்து, மாதவிடாய் நாளில் இன்னும் மோசம். எங்கள் கேங்கில் இருக்கிற 20 பேரில் கடுப்பு வராதவள் என்று ஒருத்தியைக் காட்ட முடியாது.

புல்லுக்கு மருந்து அடித்த மலையைப் பார்த்திருப்பீர்கள். செத்த புல் போக, சாகாத புல் மட்டும் தனியாக நின்று, இடம் கிடைத்ததும் மலை முழுக்கப் படரும். எங்கள் உடம்புக்குள்ளும் அதுதான் நடக்கிறது போல. தங்கை, நான் சொல்வது சரியா?

தட்டும் வட்டமும் | திங்கள், இரவு 9.30

முழுக்கச் சரி அக்கா. நான் படித்த புத்தகத்தில்கூட இவ்வளவு தெளிவாக இல்லை. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். கிருமி புல்லை விட மோசம். ஒரு புல் தன் பலத்தைப் பக்கத்துப் புல்லுக்குக் கொடுக்காது. கிருமி கொடுக்கும். மருந்தை வெட்டுகிற நொதியின் குறிப்பைச் சின்ன வளையமாக எழுதி, வேறு இனக் கிருமிக்கே கைமாற்றிவிடும். குடலில் சும்மா இருக்கிற கிருமி இன்று வாங்கி வைத்துக்கொள்ளும், ஆறு மாதம் கழித்து சிறுநீர்ப்பைக்குப் போகும்போது அதையும் கொண்டுபோகும்.

மஸ்கெலியா சிவா | செவ்வாய், காலை 5.50

கொழுந்துக்காரி தங்கச்சி சொன்னது என்னை ராத்திரி தூங்கவிடவில்லை. என் வீட்டுக்காரியும் கொழுந்துதான் எடுக்கிறாள். கேட்டேன். "இப்பதான் கேக்கிறீங்களா" என்றாள்.

ஆனாலும் என் கேள்வியை விடவில்லை. மருந்தைச் சேமித்து வைக்கிறோம், சரி. யாருக்காகச் சேமிக்கிறோம்? கடைசியில் தேவை வரும்போது அது நம் வாட்டுக்கு வருமா?

இரவு டியூட்டி | செவ்வாய், காலை 8.20

சிவா அண்ணா, கேட்க வேண்டிய கேள்வி. இரண்டு பக்கமும் உண்மை இருக்கிறது. 2019இல் மட்டும், மருந்துக்கு அடங்காத கிருமியால் நேரடியாக 12.7 இலட்சம் பேர் உலகத்தில் இறந்திருக்கிறார்கள் என்று ஒரு பெரிய ஆய்வு 2022இல் கணக்குச் சொன்னது. சாவு விகிதம் கூடியிருந்தது நம்மைப் போன்ற நாடுகளிலும் ஆபிரிக்காவிலும்தான், பணக்கார நாடுகளில் இல்லை. மருந்து கிடைக்காததும் கொல்கிறது, கண்டபடி கிடைப்பதும் கொல்கிறது. ஒரே லயத்தில் இரண்டும் நடக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. புது அன்டிபயோட்டிக் கண்டுபிடிக்கிற கம்பனிக்கு இலாபம் இல்லை. பிரஷர் குளிசை ஆயுள் முழுக்க விற்கும். இதுவோ பூட்டி வைக்க வேண்டிய மருந்து. 2018இல் பிளாசோமைசின் என்ற மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதைச் செய்த சின்னக் கம்பனி அடுத்த வருடம் ஏப்ரலிலேயே வங்குரோத்தானது. அதனால் பிரித்தானியாவில் 2022இல் இருந்து வேறு முறை. முதலில் இரண்டு புது மருந்துகளுக்கு, எத்தனை குப்பி பாவித்தாலும் பாவிக்காவிட்டாலும், வருடத்துக்கு இவ்வளவு என்று ஒரு தொகை கட்டுகிறார்கள். தீயணைப்புப் படைக்குச் சம்பளம் கொடுப்பது மாதிரி, நெருப்பு எத்தனை என்று எண்ணுவதில்லை. நம் நாடு தனியாக அந்தக் காசு கட்ட முடியாது. ஆனால் பல நாடுகள் சேர்ந்து வாங்கலாம். 1971இல் சேனக பிபிலே அரசாங்க மருந்துக் கூட்டுத்தாபனத்தை ஆரம்பித்தபோதும், நாடு மொத்தமாக வாங்கினால் விலை குறையும் என்பதுதானே யோசனை. நீங்கள் சங்கத்தில் பேசுகிற ஆள் என்றால் இதைப் பேசுங்கள். சேமிப்பு மருந்து பெரிய ஆஸ்பத்திரி ஒவ்வொன்றிலும் நிபுணரின் பூட்டுக்குள் இருக்க வேண்டும், காசுள்ளவன் சூட்கேசில் இருக்கக் கூடாது.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், எல்லாம் கேட்காமல்போன ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். முப்பது சொச்சம் வயது. ஒவ்வொரு ரிப்போர்ட்டும் 'ஆர்', 'ஆர்', 'ஆர்'. மிஞ்சியது கொலிஸ்டின். அறுபது வருடப் பழைய மருந்து, சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று ஒதுக்கி வைத்ததை வேறு வழியில்லாமல் திரும்ப எடுத்தோம். ஆறாவது நாள் அவருக்குச் சிறுநீர் வருவது நின்றது. அந்த வாட்டில் அதற்கு முன் ஒரு காலம், காய்ச்சல் என்று வந்தவருக்கெல்லாம் பெரிய ஊசியில்தான் தொடங்குவார்கள். நானும்தான் கலக்கி ஏற்றினேன். கட்டிலுக்குக் கட்டில் கை கழுவாமல் ஓடிய நாட்களும் இருக்கின்றன. அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது அதெல்லாம் ஞாபகம் வந்தது.

நிர்வாகி | செவ்வாய், காலை 9.00

இழை நல்லபடியாகப் போகிறது. நோயாளியின் பெயர், கட்டில் இலக்கம், ரிப்போர்ட்டின் படம் எதையும் போட வேண்டாம். டோஸ் அளவும் யாரும் எழுத வேண்டாம்.

அம்பேவலைக் காற்று | செவ்வாய், பிற்பகல் 1.15

நான் மாடு வளர்க்கிறவன், ஐந்து கறவை. இங்கே பேசலாமா தெரியவில்லை, ஆனாலும் சொல்கிறேன். மாட்டுக்கு மடி வீங்கினால் நாங்கள் காம்பு வழியாக ஏற்றுகிற டியூப் அன்டிபயோட்டிக்தான். டொக்டர் வந்து பார்த்து, இத்தனை நாள் பாலை ஊற்றக் கூடாது என்று எழுதிக் கொடுப்பார். அந்த நாட்களில் பாலைக் கொட்ட மனம் வராது. ஒரு மாட்டுப் பால் என்றாலும் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவு அது. பக்கத்தில் ஒருவர், காய்ச்சினால் மருந்து போய்விடும் என்று சொல்லி வீட்டுக்கு எடுத்தார். அது பிழை, காய்ச்சினாலும் முழுக்கப் போகாது.

கோழிப் பண்ணை எருவைப் பற்றியும் யோசிக்க வேண்டும். கரட், லீக்ஸ் போடுகிற எல்லாரும் லொறியில் இறக்குகிறோம். கோழிக்குக் கொடுத்த மருந்தும் அதற்குப் பழகிய கிருமியும் எருவோடு வரும். மழை பெய்தால் ஓடைக்கு இறங்கும், ஓடையில் இருந்து நாம் தண்ணீர் பிடிக்கிற பீலிக்கு. நான் இப்போது எருவைப் பச்சையாகப் போடுவதில்லை, குவித்து மூடி நன்றாக மக்கவிட்டுத்தான் போடுகிறேன். மிஸ் கொலிஸ்டின் என்றாரே, அதையே சீனாவில் பன்றிக்குத் தீவனத்தில் கலந்து கொடுத்தார்கள். 2015இல் அங்கே அந்த மருந்துக்கும் அடங்காத கிருமியைக் கண்டுபிடித்தார்கள். அப்புறம்தான் தீவனத்தில் கலப்பதை நிறுத்தினார்கள்.

லிந்துலை மகன் | புதன், மாலை 5.20

ரிப்போர்ட் வந்துவிட்டது.

அம்மாவுக்கு நேற்று இரவில் இருந்து காய்ச்சல் இல்லை. இன்று காலை கஞ்சி கேட்டுக் குடித்தார். கிருமி ஈ.கோலை, குடலில் இருக்கிற கிருமி. டொக்டர் இன்று உட்கார்ந்து விளக்கினார். ஈஎஸ்பிஎல் என்ற வகையாம், பல அன்டிபயோட்டிக்குகளை வெட்டிப்போடுகிற நொதியைச் சுரக்கிற வகை. சிப்ரோ 'ஆர்'. முதலில் போட்ட ஊசி 'ஆர்'. மெரோபெனம் 'எஸ்'. அமிகாசினும் 'எஸ்', ஆனால் சீனியால் அம்மாவின் சிறுநீரகம் கொஞ்சம் தளர்ந்திருப்பதால் அது வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து குடிக்கிற மாதிரிக் குளிசை எதுவும் கேட்கவில்லை. ஆகவே ஊசி முடியும்வரை வாட்டில்தான். மொத்தம் ஏழு நாள் என்கிறார்.

புது ஊசி தேவையே இல்லை. பெரியப்பா மகனுக்குச் சொன்னேன். முதலில் நம்பவில்லை, அப்புறம் தட்டுக் கதையைச் சொன்னதும் அமைதியானார். டின்னைக் காட்டியபோது டொக்டர் ஏசவில்லை. ஒவ்வொரு கார்டாக எடுத்துப் பார்த்து எழுதிக்கொண்டார். அந்த வெள்ளைக் குளிசையும் சிப்ரோதானாம்.

ஒரு சந்தேகம். இரத்தத்தில் கிருமி ஏறியவருக்கு ஏழு நாள் போதுமா? முழுதாகக் குடிக்காமல் விட்டதால்தானே இவ்வளவும் வந்தது. 14 நாள் போடச் சொல்லிக் கேட்கவா?

பண்டாரவளை எம்ஓ | புதன், இரவு 8.40

நான் ஒரு டொக்டர். இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். நோயாளியைப் பார்க்காமல் அவருடைய சிகிச்சையைப் பற்றிச் சொல்ல மாட்டேன். பொதுவாக எழுதுகிறேன்.

"நாள் கூடக் கூட நல்லது" என்று நாங்களும் அப்படித்தான் படித்தோம். 2024இல் பலன்ஸ் என்ற ஆய்வின் முடிவு வந்தது. 7 நாடுகளில் இரத்தத்தில் கிருமி ஏறிய 3,600க்கும் மேற்பட்ட நோயாளிகளை எடுத்து, பாதிப் பேருக்கு 7 நாள், பாதிப் பேருக்கு 14 நாள் மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். 90 நாள் கழித்து எண்ணியபோது, 7 நாள் எடுத்தவர்கள் 14 நாள் எடுத்தவர்களை விட மோசமாகப் போகவில்லை. அதில் பலருக்குக் கிருமி சிறுநீர்ப் பாதையில் இருந்து ஏறியது, அதிலும் ஈ.கோலைதான் கூடுதல். எல்லாக் கிருமிக்கும் இது பொருந்தாது. இதய வால்வில் ஒட்டியது, சீழ் கட்டி நிற்பது, சில வகைக் கிருமி, இவற்றுக்கு வாரக்கணக்கில் வேண்டும். காசநோய் முற்றிலும் வேறு. ஆகவே கணக்கை நோயாளியும் குறைக்கக் கூடாது, கூட்டவும் கூடாது. அம்மா டின்னில் வைத்தது குறைத்தது. நீங்கள் 14 கேட்பது கூட்டுவது. தேவைக்கு மேலே போகிற ஒவ்வொரு நாளும் குடலில் இருக்கிற மற்றக் கிருமிகளுக்கு அந்த மருந்தைப் பழக்கிக் கொடுக்கிற நாள்.

1945இல் நோபல் பரிசு வாங்கிய மேடையிலேயே பிளெமிங் இதைச் சொல்லியிருக்கிறார். ஒருநாள் பென்சிலின் கடைகளில் கிடைக்கும், தெரியாத மனிதன் குறைந்த அளவில் எடுத்துக் கிருமியைப் பழக்கிவிடுவான் என்று. அவர் சொன்ன கடை நம் டவுனில் இருக்கிறது.

வீட்டுக்குப் போன பிறகு, சிறுநீரில் கிருமி இருக்கிறதா என்று சும்மா சோதித்துப் பார்த்து மருந்து கேட்க வேண்டாம். எரிச்சலோ காய்ச்சலோ இல்லாமல் வயதானவர்களின் சிறுநீரில் கிருமி இருப்பது சாதாரணம். சீனியைக் கட்டுப்பாட்டில் வையுங்கள், அதுவே பாதி மருந்து. மறுபடி கடுப்பு வந்தால், குளிசைக்கு முன் சிறுநீர் கல்ச்சர். "எனக்கு ஈஎஸ்பிஎல் வந்தது" என்று எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதலில் சொல்ல வேண்டும். சொன்னால் பொருத்தமான மருந்தில் தொடங்குவார்கள். நைட்ரோபியூரண்டோயின் மாதிரிப் பழைய, மலிவான குளிசை சிறுநீர்ப்பையோடு நிற்கிற கடுப்புக்கு இந்த வகைக் கிருமியிலும் பல தடவை கேட்கும். சிறுநீரகம் மிகவும் தளர்ந்திருந்தால் கொடுக்க முடியாது. அதைப் பார்த்து எழுத ஒரு டொக்டர் வேண்டும் என்பதற்காகத்தான் துண்டு.

கொழுந்துக்காரி | புதன், இரவு 9.15

டொக்டர் ஐயா, கவ்வாத்துக் கத்தியால் யாரும் கொழுந்து கிள்ள மாட்டார்கள். ஆனால் மலையில் கழிப்பறை இல்லாதவரைக்கும் நாங்கள் குளிசைக்கு ஓடிக்கொண்டுதான் இருப்போம். அதையும் யாராவது துண்டில் எழுதிக் கொடுங்கள்.

பண்டாரவளை எம்ஓ | புதன், இரவு 9.35

எழுதுகிறேன் அக்கா. உண்மையாகத்தான் சொல்கிறேன். கடுப்போடு வருகிற கொழுந்து எடுக்கும் பெண்கள் எத்தனை பேர், எந்தத் தோட்டம் என்று என் கொப்பியில் இந்த மாதத்தில் இருந்து குறிக்கிறேன். எண்ணிக்கையோடு சுகாதார வைத்திய அதிகாரியிடம் கொடுத்தால் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

மஸ்கெலியா சிவா | வியாழன், காலை 6.05

எண்ணிக்கை கிடைத்தால் எனக்கும் ஒரு பிரதி வேண்டும் ஐயா. சம்பளப் பேச்சுக்குப் போகிறபோது கழிப்பறை எப்போதும் கடைசி வரியில்தான் இருக்கும், நேரம் முடிந்துவிடும். இந்தத் தடவை முதலில் வைக்கிறேன்.

தம்பி, ஞாயிற்றுக்கிழமை "எடுத்து வையுங்கள்" என்று சொன்னேன். அதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

லிந்துலை மகன் | ஒன்பது நாள் கழித்து, சனி, இரவு 8.10

அம்மா வீட்டுக்கு வந்துவிட்டார். கொஞ்சம் இளைத்திருக்கிறார், குரல் பழைய மாதிரி இருக்கிறது.

டின்னில் இருந்த குளிசையை எல்லாம் மருந்தாளர் அண்ணாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். குப்பையிலோ பீலிப் பக்கமோ போட வேண்டாம், தன்னிடம் தரச் சொன்னார். அம்மா விடவில்லை. "காசு கொடுத்து வாங்கினதுடா" என்று அந்த ஏழு இருந்த கார்டை மட்டும் கையில் வைத்துக்கொண்டார். பக்கத்துக் காம்பரா மாமிக்குக் கேட்டால் கொடுக்கலாம் என்று பார்த்தாராம். அரை மணி நேரம் பேசினேன். கடைசியில் தங்கச்சி, கொழுந்துக்காரி அக்கா எழுதிய புல்லுக் கதையை வாசித்துக் காட்டினாள். அம்மா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "அந்த வடக்கு மலையில அப்படித்தான் ஆச்சு" என்றார். கார்டைக் கொடுத்துவிட்டார்.

தங்கச்சி இப்போது மலைக்கு ஒரு போத்தல் தண்ணீர் கொண்டுபோகிறாள். பகல் ஆகுமுன் பாதியைக் குடித்துவிட்டு, மூன்று பேராகச் சேர்ந்து பழைய கொழுந்து மடுவத்துப் பக்கம் இறங்குகிறார்கள். ஒருத்தி காவல் நிற்கிறாள். கங்காணி முதல் நாள் சத்தம் போட்டார், இரண்டாம் நாள் பார்க்காத மாதிரி இருந்துவிட்டார்.

ரிப்போர்ட்டின் பிரதியை அம்மாவின் கிளினிக் கொப்பிக்குள் வைத்திருக்கிறேன்.

இரவு டியூட்டி | சனி, இரவு 8.50

சந்தோஷம் தம்பி. உள்ளே சும்மா வைத்தால் விழுந்துவிடும். கொப்பியின் முன் அட்டைக்கு உள்பக்கம் டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். மேலே சிவப்புப் பேனாவால் 'ஈஎஸ்பிஎல்' என்று பெரிதாக எழுதி, திகதியும் போடுங்கள். தங்கச்சியின் போனிலும் ஒரு படம் இருக்கட்டும்.